கை தூக்கினால் நிற்கும் பஸ்

சனாயேவுக்குக் காலில் சக்கரம். பள்ளிக்கூடம் முடித்ததும் அழகு நிலையத்தில் சேர்ந்தாள், ஓடி வந்துவிட்டாள். மீன் ஆலையில் நின்று பார்த்தாள், அங்கேயும் தரிக்கவில்லை. கடைசியில் அவளுக்கு ஓட்ட வாய்த்தது ஒரு பஸ். சக்கரம்தான் கிடைத்துவிட்டதே என்பீர்கள். என்ன பிரயோஜனம்? துறைமுகத்திலிருந்து மக்கினோஹாரா மேட்டில் ஏறி, தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஊர்ந்து, கனாயா ஸ்டேஷனில் போய் நிற்கிற பஸ் அது. மேட்டில் எங்கே எவர் கை தூக்கினாலும் நிறுத்தியாக வேண்டும்.

நான் கனாயாவில் விற்க அவித்த நெத்திலிக் குஞ்சுப் பெட்டிகளோடு தினம் அவளுக்குப் பின் சீட்டில்தான் உட்காருவேன். வண்டி நின்றால் போதும், ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட ஆரம்பித்துவிடுவாள். பார்க்கிற எனக்கே படபடப்பாக வரும்.

அந்த மே மாதம் அவளுக்கு ஷிசுவோகாவில் நேர்முகத் தேர்வு. டோக்கியோவுக்கு நெடுஞ்சாலையில் பறக்கிற பஸ்ஸில் ஓட்டுநர் வேலை. கனாயாவில் வண்டியை அடுத்த ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் வேலை போச்சு. முதல் கொழுந்து பறிக்கிற காலம் வேறு, வரிசைக்கு வரிசை கை. ஒருத்தியின் கூடை கதவில் சிக்கிக்கொண்டது. இன்னொருத்தி மறந்துவிட்ட தொப்பியை எடுக்கத் திரும்பி ஓடினாள். டோக்கியோவிலிருந்து சாவகாசமாக ஊர் பார்க்க வந்த தம்பதி, கடல் தெரிகிற திருப்பத்தில் படம் எடுக்கக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்கள். இந்த நிதானம் எவ்வளவு அருமை என்று பாராட்டு வேறு.

"நிதானத்துக்கு நீங்க காசு குடுத்து வர்றீங்க. எனக்குச் சம்பளம் குடுத்தாலும் புடிக்கல," என்றாள் சனாயே, திரும்பாமலே. அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மேட்டின் கடைசி வளைவில் மசுதா கிழவர் கை தூக்கி நின்றார். தினமும் நிற்பவர்தான். ஒரு நாள் ஏறுவார், ஒரு நாள் தங்கைக்குத் தேயிலை கொடுத்தனுப்புவார், ஒரு நாள் மழை வருமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

"நிறுத்துடி, பெரியவர் நிக்கறாரு," என்றேன்.

"பாத்துட்டேன் அத்தை."

வண்டி நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால், கிழவர் தூக்கிய கையை இறக்க மறந்து நிற்கிறார். சனாயேவுக்கு ரயில் கிடைத்தது.

மறுநாள் அதே வளைவில் கிழவர் ஒரு மூங்கில் கழியோடு நின்றார். கழி நுனியில் சிவப்புத் துண்டு. கதவு திறந்ததும் அவர்தான் முதலில் குனிந்து வணங்கினார்.

"நேத்து என் கை ஒனக்குத் தெரியல போலம்மா. செடி மறைச்சிருக்கும். தப்பா எடுத்துக்காதே."

செடி அவர் இடுப்பு உயரம்கூட இல்லை. அதோடு முந்தின சாயங்காலம்தான் நான் அவர் வாசலில் நின்று தேர்வு, ரயில், அவள் பார்த்துவிட்டே போனது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்திருந்தேன். தெரிந்தேதான் கிழவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்.

சனாயே தாளம் போடவில்லை.

"தெரிஞ்சுது தாத்தா. தெரிஞ்சுதான் போனேன்."

கிழவர் கழியிலிருந்து துண்டை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வேலை என்னவாயிற்று என்று கேட்டார். அடுத்த மாதம் சேரச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"நல்லதும்மா. அந்த வண்டிக்கு யாரும் கை தூக்க மாட்டாங்க."

குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னார். ஏறி உட்கார்ந்தும் விட்டார். சனாயே கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வண்டியை எடுக்கவே இல்லை. என் பெட்டிகளில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன்.