எமரால்டு தாண்டி, கையில் ஒரு விசிலோடு

காலை ஆறு மணிக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன் கிளம்பியது. ஊட்டிவரை பத்தொன்பது கிலோமீட்டர், அங்கிருந்து எமரால்டு இருபதுக்குக் கொஞ்சம் மேல். போக வர வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. உள்ளே எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு மன்றத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், பி.டி. டீச்சர் வசந்தி, மளிகைக்கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு வந்த நான்.

"ஏனுங்ணா, மலை மேல கப்பல் உடப் போறீங்களாமா?" என்றார் டிரைவர் ரவி.

"கப்பல் இல்லீங்க, பாய்மரப் படகு."

"பாயை விரிச்சுப் படுக்கத்தானுங்க நமக்குத் தெரியும்!"

வேன் குலுங்கச் சிரித்தார்கள். பின் சீட்டில் நந்தினி மட்டும் சிரிக்கவில்லை. பதினாறு வயது. குன்னூருக்குக் கீழே, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு. டிசம்பர் விடுமுறையில் தூத்துக்குடியில் ஒரு முகாம் இருக்கிறது. முதலில் பாய்மரம், பிறகு கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பது. போக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அம்மா செல்வி, கொழுந்து பறிப்பவர், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "மொதல்ல இந்த ஏரிக்குப் போயிட்டு வரட்டும். கடலைப் பத்தி அப்புறம் பேசுவம்." யார் துணையும் இல்லாமல் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டால் அம்மாவால் மறுக்க முடியாது என்பது நந்தினியின் கணக்கு.

பாலாடாவில் வண்டியை நிறுத்தினோம். மெஷினில் கழுவிய கேரட் மூட்டைகள் லாரி ஏறிக்கொண்டிருந்தன. டீ பதினைந்து ரூபாய். கை சூட்டுக்கும் சேர்த்து என்று வைத்துக்கொண்டால் மலிவுதான்.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எமரால்டைத் தாண்டி, ஒரு எஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்ன ஏரி. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் சோலைக்காடு. மூன்று குட்டிப் படகுகளோடு மெர்சி காத்திருந்தார். முகாமை நடத்துபவர் அவர்தான். தூத்துக்குடிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வாயைத் திறந்தால் ஒரு சொலவடை விழும். சொலவடைப் பிரியனான எனக்குக் கேட்க வேண்டுமா?

"அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு அப்புறம் சொல்லுதேன். முதல்ல பெரியாளுக்குப் பாடம்," என்று என்னையும் வசந்தியையும் தனியாக அழைத்துப் போனார். "ஒருத்தர் கரையில உள்ள பிள்ளையப் பாக்கணும், ஒருத்தர் தண்ணியப் பாக்கணும். போன் எடுக்கப்பிடாது. டீக்குக்கூட எந்திரிக்கப்பிடாது. கரையில இருக்கவன் கண்ணுதான் படகுக்கு நங்கூரம், பாத்துக்கிடுங்க."

விசிலை என் கழுத்தில் மாட்டினார். "நீங்க ஊதினா எல்லாப் படகும் கரைக்கு வந்துரணும். நானே வந்து கெஞ்சினாலும் மனசு மாறாதிய."

அடுத்தது எங்கள் ஊர்ப் பிள்ளைகளால் மட்டுமே செய்ய முடிந்த ஒரு காரியம். லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னதும் ஆறு பேர் அதை உள்ளே போட்டு, மேலே ஜெர்கினை ஜிப் இழுத்து மூடிக்கொண்டு பூசணிக்காய் போல நின்றார்கள்.

"என்னலே இது?"

"உள்ள போட்டா குளுராதுங்க்கா!"

மெர்சி தலையில் கை வைத்துக்கொண்டார். வசந்தி ஒவ்வொருவராகக் கழற்றி மாட்டிவிட்டார்.

பிள்ளைகளுக்கும் பாடம் முடிந்து, பத்து மணிக்குப் படகுகள் இறங்கின. ஆளுக்கொரு படகு, முறை வைத்து. எல்லோருக்கும் பின்னால் மெர்சி ஒரு மோட்டார் படகில் சுற்றிவந்தார். ஏரியில் நான்கு சிவப்பு மிதவைகள். நான்கையும் சுற்றினால் ஒரு சுற்று. நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். கடையில் இருபது வருடம் தராசு முள்ளைப் பார்த்தவனுக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை.

நந்தினியின் முறை வரும்போது பதினொன்றரை தாண்டியிருந்தது. மூன்று மிதவைகளை அழகாகச் சுற்றிவிட்டாள். அப்போதுதான் சோலை முனையில் மூடுபனி, எங்கள் பேச்சில் மிஸ்ட், இறங்குவதைக் கண்டேன். வெள்ளையாக, மெல்லிசாக, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும்.

"இதெல்லாம் ஒரு மிஸ்ட்டுங்களா? இதுல நான் கண்ண மூடிட்டு கோத்தகிரி போவேன்," என்றார் ரவி.

உண்மைதான். எங்களுக்கு மிஸ்ட் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி; வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆனால் ரோட்டுக்கு ஓரம் இருக்கிறது, வெள்ளைக்கோடு இருக்கிறது. தண்ணீருக்கு ஓரம் எங்கே? மூன்று பிள்ளைகள் மூன்று திசையில் இருக்க, தேடுவதற்கு இருப்பதோ ஒரே மோட்டார் படகு.

ஊதினேன்.

இரண்டு படகுகள் திரும்பின. நந்தினிக்குக் கடைசி மிதவை இரண்டு படகு நீளத்தில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். மெர்சியும் மோட்டாரைத் தணித்துவிட்டுக் கத்தினார்: "அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு மிதவதான! சுத்திட்டு வந்துரட்டும்!"

எனக்கும் ஆசைதான். இருந்தும் மறுபடி ஊதினேன். பாய் படபடத்து மறுபக்கம் சாய்ந்தது; திரும்பிவிட்டாள்.

கடைசிப் படகைக் கரையில் இழுத்துப் போட்ட சிறிது நேரத்தில் ஏரியையே காணவில்லை. சிவப்பு மிதவை ஒன்றுகூடத் தெரியவில்லை. மெர்சி வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புகைன்னுல்லா நெனச்சேன்... கடல்ல எனக்கு இது பழக்கமில்ல அண்ணாச்சி," என்றவர், என் கையில் ஒரு முட்டை போண்டாவை வைத்தார். மன்னிப்பை இவ்வளவு ருசியாக யாரும் கேட்டதில்லை.

மிஸ்ட் விலகியபோது காற்றும் போயிருந்தது. படகுகளை லாரியில் ஏற்றினார்கள். திரும்பும் வழி முழுக்க நந்தினியின் முகம் ஜன்னல் பக்கமே.

ஐந்து மணிக்கு லயத்தில் இறங்கினோம். பிள்ளையை ஒப்படைக்கும்வரை பெரியவர் வேலை முடியாது என்பதால் நானும் வீட்டு வாசல்வரை போனேன். செல்வி அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நந்தினி கொட்டித் தீர்த்தாள்.

"கடைசி மிதவைம்மா! தொட்டுடற தூரம்! மாமா விசில் ஊதிக் கெடுத்துட்டாரு!"

செல்வி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விசில் ஊதினதும் திரும்பிட்டியா?"

"திரும்பாம?"

"ஒடனேயா?"

"ஒடனேதான்."

செல்வி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, வீட்டுல பத்துத் தடவ கூப்பிட்டாலும் இது திரும்பாது." சிரிக்க ஆரம்பித்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தூத்துக்குடிக்கும் நீங்களே கூடப் போவீங்கன்னா நான் அனுப்புறேன்."

கடல் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது, டிசம்பரில் கடையில் கூட்டம். அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தன. "போறேம்மா," என்றுதான் சொன்னேன்.

காலையிலிருந்து முதன்முறையாக நந்தினி பல் தெரியச் சிரித்தாள்.

"வாங்க மாமா. கடல்ல மிஸ்ட் கெடையாது. அங்க என்ன காரணம் சொல்லி ஊதறீங்கன்னு பாக்கறேன்!"