நஸ்ரினின் பதிவுக்கு நான் மாற்றிய முகவரி

மோடம் இணைப்பெடுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் வரும். அது அடங்கும்வரை நஸ்ரின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். உட்துறைமுக வீதியில் ஒரு சின்னக் கணினிப் பயிற்சி நிலையம்... நாங்கள் இருவரும் அங்கே படிப்பித்தோம். ஜன்னலைத் திறந்தால் டீசல் மணமும் உப்புக்காற்றும்.

அவளுடைய ஊரான கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். மிதவையில் கடந்து, பஸ் பிடித்து வருவாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அரை மணித்தியாலத்தில் நான் அமைத்துக்கொடுத்த வலைப்பதிவில் எழுதுவாள்.

அதில் ஒன்று யோகாவுக்கு எழுதியது. சல்லியைச் சேர்ந்த யோகா, டவுன் டியூஷனில் அவளோடு ஒரே வாங்கில் இருந்தவள். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகுமுன் சொல்லிவிட்டுப் போக நஸ்ரின் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தமிழர், முஸ்லிம் என்று ஊர் இரண்டுபட்டிருந்த நேரம். நஸ்ரின் பயத்தில் வெளியே வரவில்லை.

அந்தப் பதிவு முழுக்க மன்னிப்புத்தான்.

அதன் முகவரியை ஒரு தாளில் எழுதி, யோகாவிடம் சேர்க்கச் சொல்லி, திருச்சிக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். முகவரியின் கடைசியில் ‘ஆர்கைவ்ஸ்’ என்றொரு சொல், அதற்குப் பின்னால் 47.

சில நாளில் எனக்கொரு ஆசை வந்தது. 47 என்றால் யாருக்கு என்ன விளங்கும்? முகவரியிலேயே தலைப்புத் தெரிய வேண்டாமா? செட்டிங்ஸில் பெர்மாலிங்கை, அதாவது பதிவுகளின் முகவரி அமைப்பை, மாற்றினேன். தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால் கொப்பி பண்ணும்போது சதவீதக் குறிகளாக நீண்டு போகும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராகக் கொடுத்தேன்.

நஸ்ரின் பார்த்துவிட்டு வடிவாக இருக்கிறது என்றாள்.

பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது... பழையது செத்துப்போனது என்பதே தெரியாது.

மாதக்கணக்காக அவள் யோகாவின் பின்னூட்டம் வருமா என்று பார்த்தாள். பிறகு எழுதுவதையே விட்டுவிட்டாள்.

போன வருடம் யோகா ஊருக்குத் திரும்பினாள். கேள்விப்பட்டதும் நஸ்ரின் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் தங்கியிருந்த உப்புவெளிக்குப் போனாள். அங்கேதான் தெரிந்தது, தாள் கையில் கிடைத்திருக்கிறது. அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி பிரவுசிங் சென்டருக்கும் போயிருக்கிறாள்.

“அந்தப் பக்கம் இல்லை எண்டு வந்திச்சு. எழுதினதை யோசிச்சு அழிச்சுப்போட்டா எண்டு நினைச்சன்” என்றாள் யோகா.

நஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

“அவ அழிக்கேல்ல. நான்தான் முகவரியை மாத்தினனான்.”

தெரியாமல் செய்ததற்கு என்ன செய்யலாம் என்றாள் யோகா.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் முகவரியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் பழைய முகவரி தானாகவே புதியதற்குப் போய்விடுகிறது. நினைத்தாலும் அந்தப் பிழையைச் செய்ய ஏலாது. அன்றைக்கு அந்த ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும்...

அந்த வலைப்பதிவை நான் இன்னும் மூடவில்லை. போனில் திறந்து யோகாவிடம் கொடுத்தேன். பதிவு முழுக்க நீ, உன்னை, உனக்கு என்றுதான் நஸ்ரின் எழுதியிருந்தாள். யோகா இரண்டு தரம் வாசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பித் தந்தாள்.

“தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ நஸ்ரின்.”

“ஓம்... நீங்களும் எடுங்கோ” என்றாள் நஸ்ரின்.