விடுப்புக்கு வந்தவர்

எங்கள் ஒழுங்கையில் பாதிக்குமேற்பட்ட வீடுகளின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் டென்மார்க்கிலும் வாசலில் பனி அள்ளிக்கொண்டு, இங்குள்ள வெயிலைப் பற்றித் தொலைபேசியில் விசாரிப்பார்கள். அதனால், டென்மார்க்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து எதிர்வீட்டுப் பூட்டைத் திறந்தபோது, ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக வந்த வாகனத்தைப் பார்ப்பதுபோலத்தான் நாங்கள் பார்த்தோம். தைப்பொங்கல் கழிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலேகால் மணி என்று என் குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. ஓட்டோவிலிருந்து இறங்கியவை இரண்டு பெட்டிகள், ஒரு சைக்கிள் பம்ப். சைக்கிளைப் பிறகுதான் வாங்கினார்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் டென்மார்க்கில் அவருக்குப் பக்கத்து மாடிக்காரர். இருவரும் டேனிஷில்தான் பேசிக்கொள்வார்களாம். தமிழை மட்டும் அவர் சென்னையில் அச்சான ஒரு புத்தகத்திலிருந்து தானே படித்து வந்திருந்தார். அந்தப் புத்தகம்தான் அடுத்தநாள் காலையிலேயே அவரைக் கவிழ்த்தது.

எங்கள் ஒழுங்கைக்கு, பேக்கரியிலிருந்து சுடச்சுடப் பாண் கொண்டுவரும் ஓட்டோ காலையில் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு வரும் அந்த ஓட்டோவைச் சுற்றி எல்லோரும் கூடுவோம். புதியவரும் வந்து நின்றார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஆம். தனியாக வந்தேன்."

"என்னத்துக்கு வந்தனீங்கள்?"

அவர் மனதுக்குள் சொற்களை அடுக்கிப் பார்த்துவிட்டு, தெளிவாகச் சொன்னார். "விடுப்புக்கு வந்திருக்கிறேன். நீண்ட விடுப்பு."

பாண்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், வாய்க்காரர். கையிலிருந்த பாணை ஓட்டோவின் கூரையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "வாங்க, வாங்க! இந்த ஒழுங்கையில எல்லாரும் அதுக்குத்தான் நிக்காங்க. நீங்க ஒராள்தான் குறை!"

இந்தியப் புத்தகங்களில் விடுப்பு என்றால் வேலையிலிருந்து எடுக்கும் லீவு. எங்களுக்கு லீவு லீவுதான். விடுப்பு என்று நாங்கள் சொல்வது அடுத்தவீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதை, யார் வந்தார் யார் போனார் என்று துருவிக் கேட்பதை. ஓய்வுபெற்று வந்தேன் என்று சொல்ல நினைத்த மனிதர், ஊர்வம்பு அறிய வந்தேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அவருக்கு விடுப்பு மாமா என்று பெயர் விழுந்தது. சொல்லின் பொருளை விளக்கினால் மனம் நோவார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களையும் விளக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன்.

அவர் புகையிரத நேர அட்டவணை தயாரிக்கும் வேலையில் இருந்தவர். நான் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவன். மழை பெய்த நாளையும் உள்துறைமுகத்துக்கு வந்த கப்பலையும் எழுதி வைப்பது என் பழைய பழக்கம். அவரும் எழுதுகிறார் என்று தெரிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இருவரும் கொப்பிகளை ஒப்பிட்டோம். பாண் ஓட்டோ வந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் எப்போதும் இரண்டு நிமிட வித்தியாசம் இருக்கும். மெட்டு கேட்கத் தொடங்குவதை அவர் எழுதுவார், வண்டி நிற்பதை நான் எழுதுவேன்.

ஏன் இங்கே வந்தீர்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. தபால்காரருக்குக் கடல் என்றார். பல் வைத்தியரிடம் வெயில் என்றார். மீன் வாங்கும்போது பாரைமீன் என்றார். பாண் ஓட்டோவடியில் எங்கள் எல்லோருக்கும் பழையபடி விடுப்பு என்றுதான் சொல்லி வந்தார். ஒவ்வொன்றும் உண்மைதான். விடியற்காலையில் துறைமுகப் பக்கம் சைக்கிளில் போய், கரையோரம் மேய்கிற மான்களுக்கு நடுவே நின்று, மலைகளுக்குள் அடங்கிக் கிடக்கும் அந்தத் தண்ணீரை அவர் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். ஆனாலும் ஆளுக்கொரு பதில் சொல்கிறவர் சரியான பதிலை யாரிடமும் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

மூன்றாவது வருஷம் மாரிமழையில், கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, நெற்றியில் காயம். வீடியோ அழைப்பில் காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்ததைக் கண்ட மகள் பதறிப்போனாள். மனைவி இறந்தபின் அவருக்கு இருந்தது அந்த ஒரு மகள்தான். நேரில் வந்து பார்ப்பேன், நீங்கள் அங்கே இருக்க ஏலாது என்று எனக்குப் பட்டால் என்னோடு வந்துவிட வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அதை என்னிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அவர் கொப்பியைத் திறக்கவில்லை.

பங்குனியில் மகள் வந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், படியில் கைபிடி உண்டா, இரவில் ஓட்டோ கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் பார்த்ததைவிட எங்கள் ஆட்கள் அவளைப் பார்த்தது அதிகம். கலியாணம் முடித்ததா, ஏன் முடிக்கவில்லை, சம்பளம் போதுமா என்று என் மனைவி கையால் காட்டியும் தெரிந்த ஆங்கிலத்திலும் கேட்டாள். அவருக்குப் பக்கத்துவீட்டுப் பள்ளிக்கூட ரீச்சர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "பிள்ளை மெலிஞ்சு போய் இருக்கிறா, அங்க சாப்பாடு இல்லையோ?" என்றா. தகப்பன் மொழிபெயர்க்க, அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று பின்னேரம் அவள் என்னிடம் வந்து கதிரையில் அமர்ந்து, ஆங்கிலத்தில் நேராகவே கேட்டாள். தன் மாடிக்குக் கீழே குடியிருந்த கிழவர் கதவுக்குப் பின்னால் இறந்து கிடந்ததைப் பல நாள் கழித்துத்தான் கண்டார்களாம். அப்பாவுக்கு அப்படி ஒன்று நடந்தால் இங்கே யாருக்காவது தெரியவருமா?

மேல்நாட்டவர் தனிமையை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று நான் எத்தனையோ புத்தகங்களில் வாசித்தவன். அந்த வாசிப்பு அன்றைக்கு என் காலை வாரியது. ஒழுங்கையின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நீங்கள் கவலைப்பட வேண்டாம். இங்கே யாரும் உங்கள் அப்பாவின் விஷயத்தில் தலையிடமாட்டார்கள்" என்று சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். நன்றி சொல்லி எழுந்துபோனாள். அடுத்தநாள் இரண்டு பேருக்கு விமான ரிக்கற் எடுத்தாள்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் என்ன கதை கதைச்சனீங்கள்? அந்த மனுசன் ராத்திரி எத்தினை இடியப்பம் சாப்பிட்டவர் எண்டு இந்த ஒழுங்கைக்கே தெரியும். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ?"

"அதை எப்படியப்பா சொல்லுறது?"

"வாயாலதான்!"

பயணத்துக்கு இரண்டு நாள் இருந்தது, வெள்ளிக்கிழமை. மகள் விடியவே கடலோரக் கோயில் மலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போயிருந்தாள். ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பாண் ஓட்டோ வந்து நின்றது. எல்லோரும் வந்தார்கள், விடுப்பு மாமா வரவில்லை.

பாண்காரர் ஹோர்ன் அடித்தார். பிறகும் அடித்தார். "மாமா வரல்லியே. அவருக்குப் பாண் குடுக்காம நான் போமாட்டன்."

"ராத்திரி லைட்டும் வெள்ளனவே அணைஞ்சிட்டுது," என்றா ரீச்சர். "நான் பாத்தனான்."

"கூப்பிடுங்கோவன்!" என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே கேற்றைத் தள்ளிவிட்டாள். கூப்பிட்டோம், பதில் இல்லை. அவள் பின்பக்கம் ஓடிக் கிணற்றடியைப் பார்த்தாள். ரீச்சர் ஜன்னலைத் தட்டினா. பாண்காரர் ஒரு கையில் பாணோடு, திறந்து கிடந்த குசினிக் கதவால் உள்ளே போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

அவர் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். காதுக்கருவி இரண்டும் மேசையில் கிடந்தன. பாதி முகத்தில் நுரை. கண்ணாடிக்குள் பாணோடு ஒரு மனிதரைக் கண்டதும் துள்ளித் திரும்பினார்.

"அந்தச் சாமானைக் காதில போட்டுக்கொண்டு சேவ் எடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று ரீச்சர் வாசலில் நின்று கத்தினா. அவ வகுப்பில் கத்துவதைக் கேட்டவர்களுக்குத்தான் அதில் அழுகையும் இருந்தது தெரியும். என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மகள் வந்து இறங்கினாள். கேற் அகலத் திறந்திருக்கிறது, வீட்டுக்குள் கூட்டம், நடுவில் நுரைமுகத்தோடு தகப்பன். அவள் முகம் வெளுத்தது. நான் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பாண் வாங்க வரவில்லை, அதனால் உள்ளே வந்தோம், வேறொன்றுமில்லை.

"எவ்வளவு நேரமாக வரவில்லை?"

மணிக்கூட்டைப் பார்த்தேன். "ஐந்து நிமிடம்."

அவள் நம்பாமல் மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். அவள் என் மனைவிக்குப் பக்கத்தில் அதே படியில் இருந்தாள். பிறகு தகப்பனைப் பார்த்து டேனிஷில் ஏதோ கேட்டாள், ஏன் இங்கே வந்தீர்கள் என்றுதான் இருக்க வேண்டும். அவர் நுரையைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழில் ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"விடுப்பு."

"அதுக்கு என்ன அர்த்தமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியுமே. வந்த முதல் கிழமையே பாண்காரரிடம் கேட்டுவிட்டேன்." அவர் சிரித்தார். "அதற்குப் பிறகும் அதே பதிலைத்தான் சொல்லி வந்தேன். நீங்கள்தான் புத்தகத் தவறு என்று நினைத்தீர்கள்."

பாண்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் மூன்று வருஷமாக உண்மையான காரணத்தை எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கு மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்டது நான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் தனியாகப் போனாள். அதற்கு முன் கிணற்றடியில் கைபிடி பூட்டுவித்தாள். காதுக்கருவியைப் போட்டுக்கொண்டே சவரம் செய்ய வேண்டும் என்று தகப்பனிடம் வாக்கு வாங்கினாள். என் மனைவியின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து என் மனைவி தினமும் காலையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு படம் பிடித்து அனுப்புகிறாள்: பாணும் கையுமாக, ஓட்டோவுக்குப் பக்கத்தில் விடுப்பு மாமா. முதல் மாதம் மகளிடமிருந்து நன்றி என்று மட்டும் வந்தது. பிறகு, ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று வந்தது. பிறகு, நேற்று அவரோடு நின்ற நீலச்சட்டைக்காரர் யார் என்று.

போன புதன்கிழமை வந்த செய்தியை மனைவி கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். படத்தில் பின்னால் தெரிகிற ரீச்சரின் கேற் இரண்டு நாளாகப் பூட்டிக் கிடக்கிறதே, ரீச்சருக்கு என்ன என்று மகள் கேட்டிருந்தாள்.

ரீச்சர் கிளிவெட்டிக்குத் தங்கச்சி மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தா. "பாத்தீங்களோ, அங்க இருந்துகொண்டு கண்டுபிடிச்சிட்டா," என்று சொல்லிவிட்டு, மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் வசதியாகச் சாய்ந்தாள். யாரோடு போனா, என்ன சேலை, எப்போது திரும்புவா என்று தெரிந்த ஆங்கிலத்தில் பதில் எழுதத் தொடங்கினாள். எழுதி முடிய அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆனது.