இரண்டாம் சேத்தி

எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு நான் உதவியாளராக இருந்தபோது, நன்செய் நிலத்தை மனை போட்டு விற்கக் கூடாது என்று ஒரு மசோதா வந்தது. எந்தெந்த ஊர்களுக்கு அந்தத் தடை பொருந்தும் என்ற பட்டியல் கடைசிப் பக்கங்களில் இருந்தது.

"நம்ம ஊரெல்லாம் வந்துருக்கான்னு பாத்துருங்க தம்பி" என்று உறுப்பினர் பிரதியை என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் இறங்கி நடக்க வேண்டிய என் சொந்த ஊரும் இருந்தது. பச்சை மையில் ஒரு டிக். எல்லாம் சரி என்று அவரிடமும், அன்றே போனில் அக்காவிடமும் கொஞ்சம் திமிராகவே சொன்னேன். ஊர்க்காரனுக்குத் தெரியாதா ஊர்?

கூட்டத்தொடரின் கடைசி நாள் காலையில் அக்கா போன் செய்தாள். அவளுடைய ஆறு மா வயலுக்கு, அதாவது இரண்டு ஏக்கருக்கு, இரண்டு பக்கமும் மனை வியாபாரிகள் வாங்கிக் கல் ஊன்றியிருந்தார்கள். அவர்கள் வாய்க்காலைத் தூர்த்துவிட்டால் அவள் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. இந்த மசோதாவைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

"பட்டியல்ல எந்தச் சேத்திடா போட்டுருக்கு?"

எங்கள் பக்கத்தில் பெரிய ஊர்களை முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று வருவாய்க் கணக்கில் பிரித்து வைத்திருப்பார்கள். பட்டாவிலும் அடங்கலிலும்தான் அந்தச் சொல் இருக்கும். வாயால் யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு அது ஒரே ஊர்.

பிரதியைப் புரட்டினேன். என் பச்சை டிக்குக்குப் பக்கத்தில் 'முதல் சேத்தி' என்றிருந்தது. இரண்டாம் சேத்தி பட்டியலிலேயே இல்லை. அக்காவின் வயல் இரண்டாம் சேத்தியில் இருக்கிறது.

"பாத்துக்கறேன்க்கா" என்று போனை வைத்துவிட்டு ஓடினேன். திருத்தம் எழுதிக் கொடுக்கும் கெடு முந்தின நாளே முடிந்திருந்தது. அமைச்சரே மனம் வைத்து மாற்றினால்தான் உண்டு. விஷயத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவைக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். கீழே மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறிக்கொண்டிருந்தன. சீட்டு உறுப்பினர் கைக்குப் போனபோது எங்கள் மசோதாவை விவாதத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

அவர் எழுந்தார். "தலைவர் அவர்களே, எங்க ஊர் ஒண்ணுல ஒரு சேத்தி..."

"என்ன சேதி?" என்றார் அவைத் தலைவர். அவர் வேறு மாவட்டத்துக்காரர்; சேத்தி என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. "சேதியெல்லாம் அமைச்சர்கிட்ட அப்புறமா சொல்லிக்குங்க. நேரம் இல்ல, உக்காருங்க."

அவை முழுக்கச் சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. மாடத்தில் இருப்பவன் இருமினாலே வெளியே அனுப்பிவிடுவார்கள். உறுப்பினர் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மசோதாவை ஏற்போர் 'ஆம்' என்க என்றார் அவைத் தலைவர். எங்கள் உறுப்பினரும் 'ஆம்' என்றார். நிறைவேறியது.

வெளியே வந்து ஒப்படைத்திருந்த போனை வாங்கியதும் அக்காவை அழைத்தேன்.

"டிவில பாத்தேன். பாஸாயிடுச்சுல்ல? எல்லாரும் சிரிச்சாங்களே, எதுக்குடா?"

ஒன்று விடாமல் சொன்னேன்.

"அன்னிக்குப் பாத்துட்டேன்னு சொன்னியே. எதடா பாத்த?"

"ஊர்ப் பேரப் பாத்தேன்க்கா" என்றேன்.