பின்பெஞ்சில் உட்கார ஆளில்லை

என் தம்பி மனைவிக்குக் கோபமே வராது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவள் பார்த்த வேலை அப்படி. வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவில் எட்டு வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஊரில் கெட்டுப்போன ஃபிரிட்ஜுக்கெல்லாம் இவள் திட்டு வாங்கினாள். வீட்டில் யார் கத்தினாலும் அதே குரலில், "புரியுது, கவனிக்கச் சொல்றேன்" என்பாள். என் தம்பிக்கு அது ஒன்றுதான் எரிச்சல். சண்டை போட ஆள் கிடைக்கவில்லையே என்று.

அவர்களுடைய மூத்த மகன் படித்த பள்ளியில் வாசிப்பு நேரத்துக்கு உதவ அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். இவள் போனாள். எழுத்துக் கூட்டவே திணறிய ஒரு வாண்டு ஒருநாள் ஒரு பக்கம் முழுக்கத் தானாக வாசித்துவிட்டு, இவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். அன்று சாயங்காலமே, வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேரப்போவதாகச் சொன்னாள். வயது முப்பத்திரண்டு. தம்பி சரி என்றான். எனக்கு மருந்துக்கடையில் காலை ஷிப்ட். பிற்பகலில் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஆசிரியர் உரிமம் வாங்குவது இவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பாடங்களில் தேறினால் மட்டும் போதாது. போலீஸ் நற்சான்று, கைரேகை, நெஞ்சு எக்ஸ்ரே, முதலுதவிப் பயிற்சி, கடைசியில் உரிமத் தேர்வு. அதற்கு முன்னால் ஒரு பருவம் முழுக்கப் பள்ளியில் சம்பளமில்லாப் பயிற்சி. அந்தப் பருவத்தில் உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், தப்பு நடந்தால் திருத்த வேண்டும் என்பது விதி. எல்லாம் நியாயம்தான். பிள்ளைகளை ஒப்படைக்கிறோம், சும்மாவா? உதவிக்கென்று கல்லூரியில் ஒரு மாணவர் ஆதரவு மையமும் இருந்தது. மெத்தென்ற சோபா, கண்ணாடிக் கதவு, சுவர் நீளத்துக்கு 'உங்களோடு நாங்கள்' என்று எழுத்து. அந்த 'நாங்கள்' யார் என்றுதான் கடைசிவரை தெரியவில்லை.

அவளுக்குக் கிடைத்தது நான்காம் வகுப்பு. வழிகாட்ட வேண்டிய ஆசிரியை நிறைமாதம். முதல் வாரமே மருத்துவர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் இவளைக் கூப்பிட்டு, வேறு ஆள் வரும்வரை இரண்டு நாள் சமாளிக்கச் சொன்னார். அந்த இரண்டு நாள் பருவம் முழுக்க நீண்டது. ஆள் வரவே இல்லை. இவள் ஒருத்தி இருக்கும்போது எதற்கு வரப்போகிறது?

ஆதரவு மையத்து ஆலோசகருக்கு வாரம் தவறாமல் ஃபோன் செய்தாள். நேரிலும் போய் நின்றாள். சிரித்த முகம் அவருக்கு. பயிற்சிக் கையேட்டை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். இன்னொரு தடவை, தனியாக வகுப்பெடுக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும், அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கல்லூரியிலிருந்து பார்வையிட வந்த விரிவுரையாளர் முக்கால்வாசி நேரம் வராந்தாவில் நின்று ஃபோன் பேசினார். குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் கணக்குப் பாடத்தின் நடுவே, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வலிப்பு வந்து பெஞ்சுக்கும் மேசைக்கும் இடையில் விழுந்தாள். மற்ற முப்பத்தேழு பிள்ளைகளும் ஒன்றாக அலறினார்கள். இவள் மேசையைத் தள்ளிவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் ஸ்வெட்டரை மடித்துத் தலைக்குக் கொடுத்தாள். உதவிக்கு ஓடலாமென்றால் குழந்தையை விட முடியாது. கதவருகே முண்டியடிக்கும் மற்றவர்களைப் பிடிக்கவும் ஆளில்லை. சத்தம் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியர் வரும்வரை தனியாகவே இருந்தாள். நல்லவேளை, சிறுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைமையாசிரியர் நன்றாகச் சமாளித்ததாகப் பாராட்டினார். மறுநாளும் பின்பெஞ்ச் காலியாகத்தான் கிடந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "அக்கா, அந்த நேரத்துல இன்னொரு குழந்தைக்கும் ஏதாவது ஆகியிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

பருவம் முடிந்ததும் கல்லூரி முடிவைச் சொன்னது. பயிற்சி செல்லாது, முழுவதும் மறுபடி செய்ய வேண்டும். வகுப்பில் உரிமம் பெற்ற வழிகாட்டி ஆசிரியர் இல்லாததுதான் காரணமாம். எனக்குத் தலை சூடேறிவிட்டது. அவள் வழக்கம்போல் 'புரியுது' என்பாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை; மேல்முறையீட்டு மனு எழுத உட்கார்ந்தாள்.

இதற்குள் விஷயம் பெற்றோர் காதுக்கும் எட்டிவிட்டது. வலிப்பு வந்த சிறுமியின் அம்மா சலவைக்கடை நடத்துகிறவர். கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். லைசென்ஸ் இல்லாத ஆளை நம்பியா என் பெண்ணை விட்டார்கள் என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நான் பதிலுக்குப் பதில் கொடுக்க வாயைத் திறந்தேன். இவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க கோவப்படறது சரிதாங்க," என்றாள். "அன்னைக்கு நான் தனியா இருந்திருக்கவே கூடாது. வேணாம்னு எத்தனையோ தடவ சொன்னேன். யாரும் கேக்கல. உங்க கோவத்த என்கிட்ட செலவு பண்ணிடாதீங்க."

சலவைக்கடை அம்மா செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கேட்டார். மறுநாள் ஏழெட்டுப் பெற்றோரோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அங்கே என்ன பேசினார்களோ, இத்தனை மாதமாகக் கிடைக்காத ஆசிரியர் அந்த வாரமே வகுப்புக்கு வந்துவிட்டார்.

கல்லூரியில் மேல்முறையீட்டு விசாரணை. துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள், நான் போனேன். பெற்றோர்கள் வெளியே நடையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். குழுத்தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு, விதி பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இருப்பது, அதைத் தளர்த்த முடியாது என்று நிதானமாக விளக்கினார்.

"அந்தப் பருவம் முழுக்க அந்தப் பிள்ளைங்க யார் பாதுகாப்புல இருந்தாங்க சார்?" என்று இவள் கேட்டாள். "லைசென்ஸ் இல்லாத என்கிட்ட முப்பத்தெட்டுப் பேரை விட்டப்போ விதி எங்க போச்சு? வகுப்பு நடத்த நான் போதும். அதக் கணக்குல சேக்கணும்னா மட்டும் நான் போதாதா?"

உணர்ச்சிவசப்பட வேண்டாம், உங்கள் சிரமம் புரிகிறது என்றார் அவர்.

"இந்தப் பதில நான் எட்டு வருஷம் ஃபோன்ல சொல்லியிருக்கேன் சார். ஒண்ணும் செய்யப்போறதில்லைனு தெரிஞ்சாத்தான் இதச் சொல்லுவோம்."

அவள் குரல் துளியும் உயரவில்லை. ஆனால் அதுதான் கோபம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் பருவத்தை ஏற்றுக்கொள்வதாகவும், மீதிப் பாதியை வேறு பள்ளியில் செய்யலாம் என்றும் தீர்ப்பு வந்தது. பாதி செல்லும் என்றால் முழுதும் ஏன் செல்லாது? அந்தப் பாதிக்கு மட்டும் பின்பெஞ்சில் ஆவி உட்கார்ந்திருந்ததா? மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. இதே கதிக்கு ஆளான இன்னொரு மாணவன் மேல்முறையீடே வேண்டாமென்று பழையபடி வேன் ஓட்டப் போய்விட்டான். கணக்கை விளையாட்டாகச் சொல்லித்தருகிறவன் என்று இவள் சொல்வாள். அவனை யாரும் தேடவில்லை.

புதிய பள்ளியில் வழிகாட்டி ஆசிரியை முதல் நாளிலிருந்தே பின்பெஞ்சில் இருந்தார். வகுப்பு முடிந்ததும் இவளை உட்காரவைத்து, எந்தக் கேள்வியில் பிள்ளைகள் நழுவிப்போனார்கள், எங்கே அவசரப்பட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று இவள் வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் அழுதாள்.

"இதுதான் பயிற்சின்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும் அக்கா."

தேர்வில் தேறினாள், உரிமம் வாங்கினாள். இப்போது மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

போன வருடம் ஆதரவு மையத்திலிருந்தே அழைப்பு. புது மாணவர்களிடம் விடாமுயற்சி பற்றிப் பேச வேண்டுமாம். கூசாமல் கேட்டார்கள். நான் போகாதே என்றேன். அவள் போனாள். விடாமுயற்சி பற்றி ஒன்றும் பேசவில்லை. பின்பெஞ்ச் காலியாக இருந்தால் அன்று பாடம் எடுக்காதீர்கள், பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நில்லுங்கள் என்றாள். தனக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். வலிப்பு வந்த இடத்துக்கு வரும்போது ஆலோசகர் எழுந்து வந்து, நேரமாகிவிட்டது என்று மைக்குக்குக் கை நீட்டினார்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாளாம்.

"அவங்க முடிக்கட்டும் சார்."