காகிதத்தில் இறங்கிய முகங்கள்

சாயப்படம் போடுகிறவனுக்குக் கொஞ்ச நாளில் இடது எது, வலது எது என்பதே சந்தேகமாகிவிடும். இருட்டறையில் காலம் தள்ளியவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த சமயம், மலாக்கா காஜா பேராங்கில் மாணிக்கம் அண்ணனின் போட்டோக் கடையில் இருந்தேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சாதாரணப் படம் நாளாக ஆகப் பழுத்துப்போகும், சாயப்படம் மங்காது என்று சிலர் கேட்டு வாங்குவார்கள். கரிச்சாயம் கலந்த ஜெலட்டின் தாளை நெகட்டிவுக்கு அடியில் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். பிறகு அதை வெள்ளைக் காகிதத்தோடு ஒட்டி, வெந்நீரில் உரித்தால் படம் காகிதத்தில் இறங்கிவிடும். ஆனால் இறங்கும்போது இடமும் வலமும் மாறிவிடும். அதனால் நெகட்டிவை முன்னாலேயே திருப்பி வைக்க வேண்டும். திருப்பினேனா, திருப்பியதை மறுபடி திருப்பினேனா என்று எனக்கு எப்போதும் குழப்பம்.

கழன்ற மீசை

புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு லாரி டிரைவர் தன் மீசைக்காகவே படம் எடுத்துக்கொண்டார். உரிக்கிற வெந்நீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். நான் கொதித்ததை அப்படியே தட்டில் ஊற்றிவிட்டேன். முதலில் மீசை கழன்று மிதந்தது. பின்னாலேயே முகமும் போனது. மாணிக்கம் அண்ணன் தட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீசையை அரிச்சு எடுத்துடலாம்ப்பா, முகத்துக்கு எங்க போறது?"

வலப்பக்கத்து மணப்பெண்

அடுத்து உஜோங் பாசிரில் நடந்த ஒரு கல்யாணப் படம். நெகட்டிவைத் திருப்பி வைத்தேன். சந்தேகம் வந்து இன்னொரு முறை திருப்பினேன். தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம், ஏறியபின் இடப்பக்கம் என்பது அவர்கள் வழக்கம். தாலி ஏறியபின் எடுத்த படம்தான், ஆனாலும் அதில் பெண் வலப்பக்கமே நின்றாள். பெண்ணின் அப்பா சட்டம் போட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ஊரைக் கூப்பிட்டு விருந்தும் போட்டாச்சு, உன் படத்துல என் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே."

எது அவர்?

பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்களின் கிராமமான பக்கத்துச் செட்டிக் கம்பத்திலிருந்து லெட்சுமி அக்கா வந்தார். அவருக்குப் பேச்சு மலாய்தான். எனக்கு அது அரைகுறை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோன கணவர் திரும்பவில்லை. இருந்தது ஒரே ஒரு கூட்டப் படம். அதில் அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சாயப்படமாகக் கேட்டார்.

இந்த முறை தப்பக் கூடாதென்று இரண்டு விதமாகவும் போட்டேன். கூட்டப் படத்தில் வகிடு எந்தப் பக்கம் என்று பார்த்து, சரியானதை உறையில் போட்டு நீட்டினேன். அவர் பார்த்தார், முகம் சுருங்கியது. இல்லையென்று தலையை ஆட்டித் திருப்பித் தந்தார். வேறு யாருடைய தலையையோ பெரிதாக்கிவிட்டேனா?

அப்போது, கிழித்துப் போட நான் ஒதுக்கி வைத்திருந்த தப்பான படம் அவர் கண்ணில் பட்டது. எடுத்தார். அதன்மேல் விரலை வைத்தபடி மலாயில் மெதுவாகப் பேசினார். மாணிக்கம் அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார்: "இதுதான் அவராம். காலையில அவர் கண்ணாடி பார்த்துத் தலை சீவும்போது, பின்னால நின்னு இந்த முகத்தைத்தான் பார்ப்பாங்களாம்."

அதன்பிறகு இரண்டு விதமாகவும் போட்டு மேசையில் வைத்துவிட்டு, சரியான படம் எது என்ற கேள்வியை வாங்க வந்தவரிடமே விட்டுவிட்டேன்.