புத்தகத்தில் செத்தவள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அம்மாவே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கோபம் இல்லாவிட்டால் நான் அந்த ஆபீசுக்குப் போயிருக்கவே மாட்டேன். அம்மா ஒரு முறை வேண்டாம் என்றதுமே வீட்டோடு இருந்திருப்பேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த மறு வருஷம் அது. மலாக்கா டவுனில், காஜா பெராங்கில் ஒரு மலாக்காச் செட்டி குடும்பத்தின் பின்கட்டில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர்கள் நெற்றி நிறையத் திருநீறு பூசுவார்கள், பேசுவது மட்டும் மலாய். நானும் அம்மாவும் தமிழில் சண்டை போட்டால் வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று, கோயிலில் மந்திரம் கேட்பது மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்போது எனக்குச் செமாபோக்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக வேலை. ஆசிரியர் பயிற்சிக்கு என் பெயரைத் தேர்ந்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் குடியுரிமைத் தாளைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மலாக்காவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமைக்குப் பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. பிறப்புப் பத்திரம் இருந்தால் போதும் என்றார் தலைமையாசிரியர்.

"அம்மா, என் பொறந்த சூராட் எங்க?" என்று கேட்டேன்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஜப்பான்காரன் காலத்துல போச்சு."

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் அப்பாவே போய்விட்டார். சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. ஒரு காகிதம் போனதை நம்ப எனக்கு என்ன கஷ்டம். "போனா போவுது. பொறந்த தோட்டத்துக்குப் பக்கத்து டவுன் ஆபீஸ்ல புஸ்தகம் இருக்கும்ல. சனிக்கெழம போயி எழுதி வாங்கியாரேன்" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "போவாத."

"ஏன்?"

"போவாதன்னா போவாத."

தனக்கு இல்லாவிட்டாலும் எனக்கு வேண்டும் என்றதைக் கொண்டுவந்து கொடுக்கிறவள் அம்மா. காரணம் சொல்லாமல் எதையும் மறுத்ததில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சனிக்கிழமை, பள்ளியில் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

புக்கிட் ரம்பாய் தாண்டியதும் ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, பட்டப்பகலிலேயே பஸ்ஸுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த டவுன் என்பது ஒரே தெரு. எதிரெதிரே இரண்டு வரிசைக் கடைகள், ஒரு போலீஸ் ஸ்டேஷன், அதன் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஆபீஸ். பதிவு எழுதும் வயதான மலாய்க் கிராணி ஒருவர் மட்டும் இருந்தார். "என்சே" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தோட்டத்தின் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன். அவர் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அந்துருண்டை வாசனையும், நனைந்து காய்ந்த காகித வாசனையும். நான் தும்மினேன். அந்த அறையில் வேறு யாரோ தும்மியது மாதிரி எனக்கே கேட்டது.

ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி விரித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. நின்றது. என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டம். பெண் குழந்தை. என் உயிரே குளிர்ந்து போனது, சந்தோஷத்தில்தான். இதற்காகவா அம்மா அப்படிப் பயந்தாள் என்று நினைத்தேன்.

கிராணி சந்தோஷப்படவில்லை. வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் சின்னதாக ஒரு குறி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறு அலமாரிக்குப் போனார். இன்னொரு புத்தகத்தோடு வந்தார். அதன் அட்டை கறுப்பு. பக்கங்களைப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து, மெதுவாகச் சொன்னார்.

"சூடா மாத்தி."

இறந்துவிட்டது என்று அர்த்தம். அவர் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அதே பெயர், அதே தாய் தகப்பன். வயது ஒன்பது நாள். காரணம் இழுப்பு. தோட்டத்திலேயே அடக்கம். தகவல் சொன்னவர், குழந்தையின் தகப்பன். பக்கத்தில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. அந்த ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. பால் வெட்டும் கத்தி பட்டு அப்பாவின் கட்டைவிரலில் இருந்த தழும்பு அது. சின்ன வயதில் அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குவேன். வேறு யாரோ ஒருவருடைய கைநாட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கிராணி முந்தைய பக்கங்களையும் திருப்பினார். அதே தழும்போடு இன்னும் மூன்று கைநாட்டுகள். எனக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள். ஒன்றுகூட ஒரு மாதம் தாண்டவில்லை. எனக்கு முன்னால் ஏதோ தங்கவில்லை என்று அம்மா சொன்னதுண்டு. மூன்று என்று சொன்னதில்லை.

"அப்படியானால் நீங்கள் யார்?" என்று கேட்டார் கிராணி. கேலியாக இல்லை. கேட்டுவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து என் கால்களைப் பார்த்தார். தரையில் பாவுகிறதா என்று பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்று நானும் குனிந்து பார்த்தேன்.

அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அதைப் புத்தகத்து வரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். புத்தகத்தில் தவறு இருந்தால், பெற்ற தாய் நேரில் வந்து அதிகாரி முன்னால் சத்தியம் செய்து கைநாட்டு வைக்க வேண்டும். அப்போது இறப்பு வரியை அடித்துவிடலாம். "தவறு இருந்தால்" என்பதை இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறவில்லை. தோட்டம் மூன்று மைல். நடந்தேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு நடுத்தர வயது அம்மா ஈரத் துணி பிழிந்துகொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லவில்லை. பழைய பிள்ளைக்குழி எங்கே என்று மட்டும் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மரங்களுக்குள் கொஞ்ச தூரம் வந்து, அங்கேயே நின்றுவிட்டார். விரலை மட்டும் நீட்டினார். நான்கு சின்ன மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல். நான்கு கல்லிலும் மஞ்சள் இருந்தது.

"ஒரே வீட்டுப் புள்ளைங்க. வருசா வருசம் மாசி மாசத்துல அந்த அம்மா வந்து நாலுக்கும் பால் ஊத்திட்டுப் போவும். யாருகிட்டயும் பேசாது" என்றார்.

மாசியில் ஒரு நாள் கோயில் வேண்டுதல் என்று சொல்லி அம்மா தனியாகப் போவது எனக்குத் தெரியும். நான் ஒரு முறைகூட உடன் வருகிறேன் என்று கேட்டதில்லை.

"நீங்க ஏங்க அங்கேயே நின்னுட்டீங்க?"

"கடைசிப் புள்ளையப் பொதைச்ச மறுநாளே அவங்க தோட்டத்த விட்டுப் போயிட்டாங்க. போறப்ப அவங்க தூக்கிட்டுப் போன துணி மூட்டைக்குள்ள புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சாம். எங்கம்மா காதால கேட்டுச்சு. அதுலேருந்து இந்தப் பக்கம் யாரும் ஒத்தையா வர்றதில்ல."

நான்காவது மேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். என் அளவுக்கு அது ரொம்பச் சின்னது. உள்ளே இருப்பவள்தான் அந்தப் பெயருக்கு உரியவள், நான் அவள் இடத்துக்கு எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவள் என்று அப்போது உறுதியாக நம்பினேன். இத்தனை வருஷமாக ஒரு செத்த குழந்தையின் பெயரை நான் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். திரும்பும் வழியெல்லாம் பஸ் கண்ணாடியில் என் முகத்தில் அம்மாவின் சாடையைத் தேடிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "நான் யாரு?"

அம்மா என் செருப்பில் ஒட்டியிருந்த தோட்டத்துச் செம்மண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எம் புள்ளதான். அந்த மூணும் போன பொறவு நீ பொறந்த. பொறந்ததும் குப்பையில போட்டு எடுத்தோம். அடுத்த வூட்டுக்காரிக்கு ஒன்னயத் தவுட்டுக்கு வித்து, திரும்ப வாங்குனோம். எல்லாரும் செய்யுறதுதான். ஒம்போதாம் நாளு ஒனக்கும் இழுப்பு வந்திருச்சு. மேலு நீலம் பாரிச்சுப் போச்சு. அந்த மூணுக்கும் அப்படித்தான் வந்துச்சு."

"அப்புறம்?"

"ஒங்கப்பா எந்திரிச்சாரு. குப்பை, தவுடு, இந்த ஏமாத்து வேலையெல்லாம் எமனுக்குப் பழசு புள்ள, வூட்டுக்கு வூடு பாத்திருப்பான்னாரு. சர்க்காரு புஸ்தகத்துல செத்துட்டான்னு எழுதிட்டா அந்த ஆள யாரும் மறுபடி தேட மாட்டாங்க, அத நான் பாத்திருக்கேன்னாரு. நடந்தே போயி எழுதிட்டு வந்துட்டாரு. வந்து வாசப்படி ஏறுறாரு, ஒனக்கு இழுப்பு நின்னு பாலு குடிக்குற."

வாழைத்தண்டை என் துணியில் சுற்றி நாலு பேர் பார்க்க அப்பா புதைத்தாராம். மறுநாள் என்னை மூட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நம்ப வேண்டுமே என்றுதான் ஒவ்வொரு வருஷமும் அந்த வாழைத்தண்டுக்கும் பால் ஊற்றினாள். யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

"பேரையாவது மாத்தித் தொலச்சிருக்கலாம்ல?"

"பேர மாத்துனா நீ யாருன்னு எனக்கே தெரியாமப் போயிருமே" என்றாள்.

நான் சிரித்தேன். வயிற்றெரிச்சலில் வந்த சிரிப்பு. படித்தவள் இல்லையா நான், இழுப்பு தானாக நின்றிருக்கும் என்று விளக்கினேன். வந்து ஒரு சத்தியம் பண்ணு, அந்த வரியை அடித்துவிடுவார்கள், பயிற்சிக்குப் போய்விடுவேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அத அடிச்சா நீ உசுரோட இருக்கன்னு நாமளே சொன்ன மாதிரி ஆவும்." பத்து நாள் இதே பேச்சு. சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது நான் பொறுமை இழந்தேன்.

"சரி, நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். வேலையும் வேணாம், இந்த ஊரும் வேணாம். வருசா வருசம் எனக்குப் பாலு ஊத்து" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. இன்றைக்கும் அந்தச் சொல் என் நாக்கில் கசக்கிறது.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, வாசலில் தயாராக நின்றாள். இருவரும் முதல் பஸ் ஏறினோம்.

அதிகாரி முன்னால் சத்தியம் செய்தாள். இவள் என் மகள், இறக்கவில்லை, உயிரோடு இருக்கிறாள். நான் ஒவ்வொன்றாக மலாயில் சொன்னேன். உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லும்போது மட்டும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கிராணி கறுப்புப் புத்தகத்தை விரித்து, அடிக்கோலை வைத்து, என் வரியின் மேல் நீளமாகச் சிவப்புக் கோடு இழுத்தார். அப்பாவின் கைநாட்டுக்குப் பக்கத்தில் அம்மா கைநாட்டு வைத்தாள். அதிகாரி கையெழுத்துப் போட்டார். என் பத்திரத்தின் நகல் என் கைக்கு வந்தது.

நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை. அடித்த அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிராணியைப் பார்த்து, கையைக் கூப்பி, தமிழில் சொன்னாள்.

"ஐயா, அந்த எடத்த சும்மா வுடாதீங்க. எம் பேர எழுதிருங்க."

கிராணி என்னைப் பார்த்தார். "உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?"

நான் மலாயில், "நன்றி சொல்கிறார்" என்றேன். அவர் சிரித்து, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

"என்னா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"சரின்னுட்டாரும்மா."

"எழுதிட்டாரா?"

கிராணி அப்போது தேதி போட்டுக்கொண்டிருந்தார். பேனா நகர்ந்துகொண்டிருந்தது.

"எழுதிட்டாரு" என்றேன்.

அம்மாவின் முகம் அப்படித் தெளிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெளியே வந்து கடையில் தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். இரண்டு பலகாரம் சாப்பிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும், "இனிமே ஒனக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லி, என் தோளில் தலையைச் சாய்த்து உடனே தூங்கிப்போனாள். மடியில் பத்திரம் இருந்தது. படித்த பெண், ஆசிரியையாகப் போகிறவள், காஜா பெராங் வரும்வரை அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.